தாழ்ப்பாள்

ஒன்பது இடம் பார்த்தாயிற்று.
மண்டபக்காரர் கேட்டார்:
"வர்றது யாருங்க?"
ஜம்மனை ஓடையோரத்து ஆட்கள் என்றேன்.
"தை வரைக்கும் புக்கிங்குங்க."
அவர் தலைக்குமேல் காலண்டரில்
ஒரு வட்டமும் இல்லை.

சங்கக் கட்டடத்தில்
வாட்ச்மேன் மட்டும் தண்ணீர் கொடுத்தார்.

செவந்தியக்காதான் சொன்னாள்,
பவர் டேபிள் ஓடிய ஷெட் ஒன்று
கொரோனாவிலிருந்து பூட்டிக் கிடக்கிறதென்று.
நாச்சிமுத்து வாடகை கேட்கவில்லை.
கரண்ட் பில் கட்டச் சொன்னார்.
பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு,
"கக்கூஸ் ரெண்டு இருக்குதுங்க,
ஒண்ணுக்குத் தாழ்ப்பா இல்லீங்."

கூட்டக் கூட்டத்
தரையிடுக்கிலிருந்து நூல் வந்துகொண்டேயிருந்தது.

திங்கள் டாக்டர்,
செவ்வாய் ரேஷன் கார்டு மனு.
பலகையை மாட்டுமுன்பே
ஒருத்தி உள்ளே வந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
ஃபேனுக்கு நேர் கீழே
கைக்குழந்தையைக் கிடத்திவிட்டுச்
சுவரில் சாய்ந்தவள்
தூங்கிப்போனாள்.

ஆணியை வாயிலிருந்து எடுத்தேன்.
சுத்தியலைச் சத்தமில்லாமல்
கீழே வைத்தேன்.