அசைந்தால்தான் வெளிச்சம்

இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதென்று
அனுப்பிவைத்தார் பல் மருத்துவர்.
காபியும் கூடாதாம்.
த்ரியெஸ்தே நகரத்தில் காபி கூடாதென்றால்
ஒருத்தி எங்கேதான் உட்கார்வது?

போரா காற்று தெருத்தெருவாய்
ஆள் தேடி அடித்துக்கொண்டிருந்தது.
குப்பைத்தொட்டியில் எலும்பு தெரியத்
தலைகீழாய் ஒரு குடை.
எதிரே கதவு, பித்தளைப் பலகை:
நகராட்சி நவீன ஓவியக் கூடம்.
பதினெட்டு வருடமாய் இதைக் கடந்து போகிறேன்,
வரி அலுவலகம் என்றே நினைத்திருந்தேன்.

நான்கு யூரோ.
பாதி உதடு மரத்த வாயிலிருந்து
"ஒன்று" என்ற சொல் வேறென்னவோவாய் விழுந்தது.
சீட்டுக் கொடுத்த நெரீனா
என்னை வெளிநாட்டுக்காரி என முடிவுகட்டி
மாடிப்படியைக் காட்டினாள்
நிறுத்தி, உரக்க, ஆங்கிலத்தில்.
சொந்த ஊரில் அந்நியமாக
ஓர் ஊசி போதும்.

முதல் மாடி முழுக்க வேகம்.
எஞ்சின்களைக் காதலித்த இளைஞர்கள்
நூறு வருடத்துக்கு முன் வரைந்தது.
பன்னிரண்டு காலோடு ஒரு சைக்கிள்காரன்.
உடைந்த கண்ணாடியாய் ஒரு ரயில் நிலையம்.
கத்துகிற ஆரஞ்சு.
வேண்டும் வேண்டும் என்று கேட்ட போருக்கு
அவர்களே போனார்கள்.
பெயருக்குக் கீழே 1891–1916.
அந்த மாடியிலேயே மிக வேகமானது
நடுவிலிருக்கும் அந்தச் சின்னக் கோடு.

இரண்டாம் மாடி, கடைசி அறை.
ஒரே ஓவியம்.
எர்சீலியா பாஸ்கோ, மருந்துக்கடைக்காரி, 1943.
கவிழ்த்து வைத்த தகரப் புனல்.
எண்ணெய் தீர்ந்த எண்ணெய்க் குப்பி.
இரண்டு முட்டை.
பழுப்பு, அதை ஒட்டி வேறொரு பழுப்பு,
இடையில் சாம்பலோ என்று சந்தேகப்படும் வெள்ளை.
முட்டைகளில் ஒன்று மேசை விளிம்பில்.
விழுமோ என்று பார்த்தபடி நின்றேன்.

விளக்கு அணைந்தது.

"கையை ஆட்டுங்க, சிஞ்ஞோரா!"
பக்கத்து அறையிலிருந்து காவலர் விசின்தீன்.
"நகராட்சிச் சிக்கனம்.
அசையாத ஆளை
ஆளென்று எண்ணுவதில்லை இந்த விளக்கு.
கீழே தொல்லையில்லை,
அங்கே யாரும் நிற்பதே கிடையாது."

ஆட்டினேன். முட்டைகள் திரும்பி வந்தன.
நாலு நிமிடத்தில் மறுபடி இருட்டு.
மறுபடி கை,
எங்கும் போகாத ஒரு மேசைக்கு
பிளாட்பாரத்தில் நின்று விடைகொடுப்பவள்போல.

அவர் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.
போர்க்காலத்தில் முட்டை லேசில் கிடைக்காதாம்.
வரைந்து முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாதென்றாளாம்.
மூன்றாம் நாள் ராத்திரி
மகன் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டானாம்.
அவள் திட்டவில்லை.
இல்லாத முட்டையை
நினைவிலிருந்து வரைந்து முடித்தாள்.

"எதுவென்று சொல்லுங்க பார்ப்போம்.
நான் இடது என்கிறேன், நெரீனா வலது என்கிறாள்.
பதினோரு வருடமாய்ப் பேசித் தீரவில்லை."

மூன்றாம் முறை அணைந்தபோது
இருவருமே கையைத் தூக்கவில்லை.
ஜன்னலில் மிச்சமிருந்தது கடல் பக்கத்து வெளிச்சம்,
அழுக்காய், ஒரு கரண்டியளவு.
அவளிடமும் இவ்வளவுதான் இருந்திருக்கும்.
முதலில் குப்பி போனது. பிறகு புனல்.
இரண்டு முட்டையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தன,
அதில் ஒன்று
கொஞ்சம் கூடுதலாய்,
பசித்தவன் பார்த்த முட்டைபோல் பெரிதாய்.
ஈறில் மெல்ல வலி திரும்பியது.

இறங்கி வருகையில் சீட்டுக் கட்டை எண்ணியபடி
"எந்த முட்டை?" என்றாள் நெரீனா,
இந்த முறை ஊர்ப் பேச்சில்.
வலது என்றுதான் சொன்னேன்.
அவள் காதில் என்னவாய் விழுந்ததோ,
சிரித்தாள்.