அரைப்பேர்

கொழுந்து மடுவத்தில் இப்போது நான் தராசு பிடிப்பதில்லை.
போன் பிடிக்கிறேன்.
கொழுந்தைக் கொட்டியதும் ஒரு படம்.
முற்றல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு,
எத்தனை கிலோ கழிப்பது என்று
எங்கேயோ இருந்து ஒன்று சொல்லும்.
நான் வாசிப்பேன். அவ்வளவுதான் வேலை.

மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
பத்தொன்பதில் நாலு கழிந்து
இருதயமேரிக்கு அரைப்பேர் விழுந்தது.
"யார் போட்டது?"
கண்ணாடியை விரலால் காட்டினேன்.
"அது என்னைக்காவது மழையில நனைஞ்சிருக்கா?"
வரிசையே சிரித்தது, நானும் சிரித்தேன்,
அரைப்பேர் அரைப்பேராகவே நின்றது.

ஹட்டனில் தொழில் கந்தோருக்குப் போனாள்.
மனு எழுதிக் கொடுத்தது நான்தான், துரைக்குத் தெரியாது.
எதிராளியின் பெயர் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

அங்கே இருந்த நோனா நல்லவர்.
தேநீர் ஆறும்வரை சட்டத்தைப் புரட்டினார்.
தராசு இருந்தது, படிக்கல் இருந்தது,
கள்ள எடைக்கு அபராதம்கூட இருந்தது.
படம் பார்த்து எடை குறைக்கும் கண் மட்டும்
எந்தப் பக்கத்திலும் இல்லை.

அளவைப் பரிசோதகர் வருஷம்போல வந்தார்:
சுத்தியல், முத்திரை ஆணி, ஒரு சாக்குப் பை.
மூலையில் கிடந்த பழைய தராசின் பித்தளையில்
ஓங்கி ஒன்று குத்தினார்.
பிறகு போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதில எங்க தம்பி குத்துறது?"
கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.

விசாரணைக்குத் தவணை ஏழு மாதம் கழித்து.
அதற்குள் போன் மூன்று தரம்
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது.
அன்று நாலு கிலோ கழித்தது எதுவோ
அது இப்போது எந்தப் போனிலும் இல்லை.
கம்பனி வக்கீல் பொய் சொல்லவில்லை:
"அப்படி ஒன்று எங்களிடம் கிடையாது, மேடம்."
செத்தவன்மேல் போட்ட வழக்குப்போல
கோப்பைக் கட்டி வைத்தார்கள்.

திரும்பும் வழியில் அவள்
கடைத்தெருவில் இறங்கி
கொக்கி வைத்த ஒரு வில்தராசு வாங்கினாள்,
பஸ் காசு போக மிச்சத்தில்.

இப்போது கொழுந்தைக் கொட்டுமுன்
அதில் தொங்கவிட்டு
இலக்கத்தைச் சத்தமாகச் சொல்கிறாள்.
யாரும் கேட்காத இலக்கம்,
எதிலும் பதியாத இலக்கம்.
போன வாரம் பின்னாலிருந்த மூன்று பேர்
அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

போன் தன்னுடையதைச் சொல்லிவிடுகிறது, உடனே.
நான் வாசிக்கிறேன்,
கொஞ்சம் பிந்தி.