பதினோராம் எண் டிராம்

பதினோராம் எண் டிராம் ஓட்டும் போகுமிலாவுக்கு
வூச் நகரத்துக் கழிப்பறைகள் அத்தனையும் அத்துப்படி.
எது பூட்டிக் கிடக்கும், எதற்குச் சில்லறை வேண்டும்,
எந்தக் கடைக்காரன் முகம் சுளிப்பான் என்பதுவரை.

ஏழு வருடமாக
வயிறுதான் கால அட்டவணை.

இப்போது சமையலறை ஜன்னலோரம்
ஒரு கண்ணாடி ஜாடி. பீட்ரூட், உப்பு, பூண்டு.
நாலாம் நாள் நுரைத்தது.
முதல் மடக்கில் மண் வாசம்; துப்பப் பார்த்தாள்.
மென்று தின்னுங்கள், அவசரப்படாமல் என்றார் மருத்துவர்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச்சில் ஒரு காலை.
மணி அடித்தாயிற்று.
பனிச்சேற்றில் வழுக்கி வழுக்கி
டிரம்பெட் பெட்டியை அணைத்தபடி ஓடிவருகிறான் ஒருவன்.
போன வருடத்துப் போகுமிலா கிளம்பியிருப்பாள்.
அவளுக்கு வயிற்றெரிச்சல்,
இரண்டு அர்த்தத்திலும்.

இவள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாள்,
வாயிலிருக்கும் ரொட்டியை
இன்னும் மென்றபடி.