லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிறான்

மொந்தெவிதேயோவில் ஜூலை.
ஆறா கடலா என்று இன்னும் முடிவு செய்யாத தண்ணீரிலிருந்து
காற்று வந்து சட்டைக் கைக்குள் கைவிட்டுத் துழாவுகிறது
கடன் கொடுத்தவன் மாதிரி.

நான் வில்மார்.
இருபத்தாறு வருடமாய் இந்த நகரத்து லிஃப்ட்டுகளுக்கு வைத்தியன்.
மார்ச்சிலிருந்து என் வீட்டுக்குப் படியேறிப் போகிறேன்,
நான்கு மாடி.
கம்பெனியில் சொல்லவில்லை.
கசாப்புக்காரன் ஒருவன்
முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரை வாங்குவதுபோல.

கொள்கையால் அல்ல, கரண்ட் பில்லால் தொடங்கியது.
நிபியா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்,
திருமணப் பத்திரிகை ஒட்டுகிற இடத்தில்.
வெந்நீர்த் தொட்டி இனி நாளுக்கு ஒரு மணி நேரம்.
அதன் சிவப்புப் பொட்டு எரியாத குளியலறை
முதல் வாரம் இழவு வீடு.

வெந்நீர் வந்து சேருமுன் வீணாய் ஓடுவது
பதினொரு லிட்டர்.
அளந்தேன். அளக்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை,
என் தொழில் அப்படி.
மஞ்சள் வாளியில் பிடிக்கிறோம்:
கழிப்பறைக்கு, தரைக்கு, ஜன்னலோர ஜெரேனியத்துக்கு.
ஜெரேனியம் குடித்துக் குடித்தே செத்தது.
அதையும் கணக்கில் எழுதுங்கள்.

அக்குளில் இடுக்கிய தெர்மாஸ்,
உள்ளங்கையில் சுரைக்குடுக்கை,
மாத்தே இலையின் கசப்பை
ஒரே உலோகக் குழலில் ஊர் முழுக்க உறிஞ்சும்.
காகிதக் கோப்பை கேட்டு அழாத ஜனம் நாங்கள்,
பிறவியிலேயே யோக்கியர்கள் என்று
கொஞ்ச நாள் மிதந்தேன்.
குடித்த சக்கையை நாளுக்கு மூன்று தரம்
பிளாஸ்டிக் பையில் முடிச்சிட்டு எறிந்ததும்
இதே கைதான்.

ஆறாம் மாடி எதெல்வினா, பல் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுபவள்,
ஒரு நாள் கதவைத் தட்டி
வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டாள்:
"உன் சக்கை எனக்கு வேண்டும்."
மொட்டை மாடியில் மரப்பெட்டி வைத்திருக்கிறாளாம்.
அன்றிலிருந்து என் குப்பைக்கு ஒரு முகவரி.

ஞாயிறு மட்டும் வழிக்கு வரவில்லை.
விறகு, இரும்புக் கம்பி, மாட்டு விலா.
மைத்துனன் மில்ட்டன் தணலைக் கிளறியபடி சிரித்தான்:
"துறைமுகத்தில் கப்பல் கப்பலாய்ப் புகைகிறது,
நீ வாளி பிடிக்கிறாய்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி!"
என்னிடம் பதில் இல்லை.
இரண்டாவது துண்டை எடுத்தேன்.
ருசியாகத்தான் இருந்தது.
இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு விலா,
மீதி ஞாயிறு பூசணி.
பூசணியைப் பற்றி நான் எதுவும் பேச விரும்பவில்லை.

படிகள் சில சேதி சொல்கின்றன.
இரண்டாம் மாடியில் யாரோ நள்ளிரவில் வெங்காயம் வதக்குகிறார்கள்.
மூன்றாம் மாடிப் பையன் ஒரே பாட்டில்
ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறான், மே மாதத்திலிருந்து.
இத்தனை வருடம் இவர்கள் எனக்கு
ஒளிர்ந்து அணையும் எண்கள்.

நேற்று காலை நாலு டிகிரி.
எதெல்வினா பெட்டியின் மூடியைத் தூக்கினாள்.
ஆவி.
"கை வை" என்றாள்.
மூன்று மாதச் சக்கை, முட்டை ஓடு,
பூசணித் தோல், செத்த ஜெரேனியம்.
எந்த ஸ்விட்ச்சும் போடாமல்
சுட்டது.
உடனே கையை எடுக்க மனம் வரவில்லை.

பையில் ஃபோன் அடித்தது.
பழைய நகரத்தில் ஒரு லிஃப்ட்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நின்றுவிட்டதாம்,
உள்ளே ஒரு வக்கீல், ஒரு நாய்.
விரல் இடுக்கில் கறுப்பு மண்ணோடு இறங்கினேன்.
நின்றுபோன லிஃப்ட்டுக்கு
லிஃப்ட்டில் போக முடியாது.
இருபத்தாறு வருடமும்
நான் படியேறித்தான் போயிருக்கிறேன்.