குறிப்பு ஏழு

ஆங் மோ கியோவில், தொழிற்பேட்டை முடிகிற வளைவில்
செலாத் மைக்ரோ இருந்தது.
இப்போது அங்கே வாடகைக்குப் பெட்டியறைகள்;
வீட்டில் இடமில்லாதவர்கள்
சைக்கிளையும் விவாகரத்தையும் பூட்டி வைக்கிறார்கள்.

எண்பத்து மூன்றில் நாங்கள் பதினேழு பேர்.
அடுத்தவன் வரைந்த சில்லுக்குப்
பொன்கம்பி தைத்துக் கொடுத்தே கண் போன ஊர் இது.
"நாமே வரைவோம்" என்றார் குவெக் பூன் லியாங்,
கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே,
கடன் பத்திரத்தில் மை காயுமுன்.

நான் வரைந்தேன். கணினியில் வரையக் காசில்லை.
சாப்பாட்டு மேசை அகலத்துக்குச் சிவப்புத் தாள்,
அதில் கத்தியால் தெருக்கள், முச்சந்திகள், அறைகள்.
சுருக்கிச் சுருக்கி அதை
நகத்தில் அடங்கும் ஊராக்கினார்கள்.
எட்டு பிட், நாற்பது கால்.
ஹமீதா அதைப் பூரான் என்றாள்.
கம்பெனி வைத்த பெயர் எனக்கு மறந்துவிட்டது.

பூரான் ஊர்ந்தது.
துணி துவைக்கும் இயந்திரங்களுக்குள்,
பினாங்கில் பெட்ரோல் பம்புக்குள்,
கோவையில் ஒரு நூற்பாலைக்குள்,
எந்த ஊரென்றே தெரியாத பொம்மை ரயிலுக்குள்.
மூன்று ஷிப்டு. நாலாயிரம் பேர். ஐந்து மாத போனஸ்.
ஆண்டு விருந்தில் சைவ மேசையில்
நானும் வேதவல்லியும்
போலி வாத்தைக் கிண்டிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம்தான் பிழை தெரிந்தது.
பத்தாம் அறை விளக்கை அணைத்தால்
பதினொன்றிலும் இருட்டு.
ஒரே கோடு. என் கத்தி
மயிரிழை தள்ளிப் போன இடம்.
முப்பது லட்சம் சில்லுகள் ஏற்கெனவே கப்பலில்.

குவெக் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.
"எழுது" என்றார்.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்தேன்.
குறிப்பு ஏழு: பத்தை அணைத்தால் பதினொன்றும் அணையும்.
வருந்துகிறோம்.

வாங்கியவர்கள் வருந்தவில்லை.
இரண்டுக்கும் ஒரே கட்டளை போதுமே என்று
அதன் மேலேயே நிரல் கட்டினார்கள்.
திருத்திய சில்லு பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது:
பழைய பிழையே வேண்டுமாம்.

பிறகு ரூப்பியாவும் ரிங்கிட்டும் சரிந்த மாதங்கள்.
செலாத்தை வாங்கியவரை இன்னொருவர் வாங்கினார்,
அவரை மற்றொருவர்.
பெயர்ப்பலகையைக் கழற்றியபோது
எழுத்துகளுக்கு அடியில் மட்டும்
சுவர் புதிதாக இருந்தது.
குவெக் பெர்த்துக்குப் போனார்.
வேதவல்லி துணைப்பாட வகுப்பு வைத்தாள்.

போன வாரம், சும்மா,
புது முதலாளிகளின் புதுச் சில்லுக்குக்
கையேடு இறக்கிப் பார்த்தேன்.
முப்பத்திரண்டு பிட். எண்ணூறு பக்கம்.
கால்களே இல்லை, வயிற்றில் புள்ளிகள்.
செலாத் என்று தேடினேன். இல்லை.
எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
பொடி எழுத்தில், பத்தும் பதினொன்றும்.
"வருந்துகிறோம்" மட்டும் எடுத்திருந்தார்கள்.
அந்த இடத்தில்: இது இயல்பு.

பின்கட்டில் துணி இயந்திரம் சுற்றி முடித்தது.
மோட்டாரும் கதவு விளக்கும்
ஒன்றாக நின்றன.
எழுந்து போய்ச் சட்டைகளை மூங்கிலில் கோத்து
ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.