நாலாவது வாய்

மேல்வரிசை, இடப்பக்கம், ஆறாம் பல்.
மூன்று வருஷம் முன்பு நான்தான் அடைத்தேன்.
மூன்று வேர், மூன்று கால்வாய்,
படத்தில் மூன்று வெள்ளைக் கோடு.
கணக்கு சரியாக இருந்தது.

பேச்சித்தங்கத்துக்குத்தான் சரியாக இல்லை.
'ராத்திரி படுத்தா வலிக்குல்லா டாக்டர்,
பல்லுக்குள்ள யாரோ குத்தவச்சிருக்க மாரி.'
நரம்புச் சூடு, போகப் போக அடங்கும் என்றேன்.
மாத்திரை எழுதினேன். இரண்டு தடவை.
முக்கூடலில் வேறு பல் டாக்டர் இல்லை,
திரும்பவும் என்னிடமே வந்தாள்.

இன்று குழாயைக் கொஞ்சம் சாய்த்துப் படம் எடுத்தேன்.
முன்வேரில் என் அடைப்பு நடுவில் நிற்கவில்லை.
பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு
ஒதுங்கி உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது.

தொப்பியைக் கழற்றி, பழைய சிமெண்டைச் சுரண்டி,
லூப்பைக் கண்ணுக்கு இறக்கினேன்.
சுவர் மஞ்சள். தரை சாம்பல்.
கன்னத்து வாயிலிருந்து அண்ணத்து வாய்க்குப் போகும் கோட்டில்
பாதி தூரத்துக்குள் இருக்கும் என்று படித்ததுதான்.
மேலே திட்டாகப் படிந்து கிடந்தது டென்டின்.
அரை மில்லி. இன்னும் அரை மில்லி.
அதற்கு மேல் போனால் தரை பொத்துவிடும்.
ஏசியிலும் கையுறைக்குள் வேர்வை.

நீலச் சாயம் விட்டுக் கழுவினேன், ஒன்றுமில்லை.
ஹைப்போ விட்டுப் பொறுத்திருந்தேன்.
ஓரத்தில், ஒரே இடத்திலிருந்து
பொடிப்பொடியாய்க் குமிழி,
நாற்றங்காலில் நண்டுவளை மூச்சு விடுகிற மாதிரி.

எட்டாம் நம்பர் ஃபைல், தலைமுடிக்குத் தம்பி.
நுனியை வளைத்து வைத்தேன்.
வழுக்கியது.
வழுக்கியது.
பிடித்தது.
நாற்காலி முனையில் அவள் கால் கட்டைவிரல் மடங்கியது.
உள்ளேயிருந்து மூன்று வருஷத்து வாடை.

கொப்பளித்து நிமிர்ந்தவளிடம் சொன்னேன்:
இது அன்றைக்கே இருந்தது. நான் விட்டுவிட்டேன்.
காசு வேண்டாம்.

முந்தியில் முடிந்த நோட்டுகளை
எடுத்த வேகத்தில் எண்ணி முடித்துவிட்டாள்,
பீடிக்கட்டு எண்ணிப் பழகிய விரல்.
மரத்த உதடு ஒருபக்கம் கோணக் கேட்டாள்:
'ஆயிரம் சுத்திக் கொண்டுபோனா
நூறு சரியில்லன்னு கழிச்சுப் போடுவான் எங்க கடைக்காரன்.
ஒங்களுக்கு ஆரு டாக்டர் கழிப்பா?'

அடுத்த புதன்கிழமை வரச் சொல்லிச் சீட்டு எழுதினேன்.
அவள் செருப்புச் சத்தம் படியிறங்கியதும்
அந்த வருஷத்து நோட்டை எடுத்தேன்.
மேல் ஆறு என்று நாற்பத்தி மூன்று பெயர்.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
என் கையெழுத்தில்
மூன்று, மூன்று, மூன்று.