நிதிகா, நாற்பத்து மூன்று

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மருந்துக்கடைக்கு மேலே என் ஸ்டூடியோ.
ஆனி மாதம். மலையிலிருந்து வந்த சாரல்
ஜன்னல் திரையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.
வெள்ளைத் துணி விரித்து
இரட்டைப் பிள்ளைகளை உட்கார வைத்தோம்.
ரிதிகா, நிதிகா. ஒன்றரை வயது.
பெயரில் ஓரெழுத்து வித்தியாசம்,
பிறப்பில் ஏழு நிமிடம்.

சேர்ந்து உட்கார மாட்டார்கள்.
ஒருத்தி எழுந்து விளக்குக் காலைப் பிடிக்க ஓடுவாள்,
மற்றவள் அவள் கவுனைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள்.
தனித்தனியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்றேன்.
ஒட்டுவது எனக்குக் கைவந்தது.
கல்யாணத்துக்கு வராத மாமாவைப்
பின்வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்,
செருப்போடு.

மூத்தவள் சாவிக்கொத்துக்கே சிரித்தாள்.
மூன்றாவது கிளிக்கில் முடிந்தது.
இளையவள் அழுதாள்.
கிலுக்குக்கு அழுதாள், வாத்து பொம்மைக்கு அழுதாள்,
நான் பூனையாகக் கத்தியபோது
ஒரு நொடி நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு,
இன்னும் பெரிதாக அழுதாள்.
நாற்பத்து மூன்று படம்.
நாற்பத்து மூன்றும் அழுகை.

இரவு ஷட்டரை முக்கால் இறக்கிவிட்டு
கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.
கொசுக்கடியை ஒற்றி எடுத்தேன்.
வாயோரம் காய்ந்த பாலை எடுத்தேன்.
"கலரைக் கொஞ்சம் கூட்டிருங்க" என்று
அத்தைக்காரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.
கூட்டவில்லை. கூட்டியதாகச் சொல்லிக்கொள்ளலாம்,
யாரும் அளந்து பார்ப்பதில்லை.

பிறகு அந்தக் காரியம் செய்தேன்.
மூத்தவள் முகத்தை வெட்டி,
கண்ணாடியில் தெரிவது போல இடவலம் திருப்பி,
இளையவள் கழுத்தில் வைத்தேன்.
நிழல் பொருந்தியது. கழுத்து மடிப்பு பொருந்தியது.
பக்கம் மாறிப்போன மைப்பொட்டை அழித்து
சரியான கன்னத்தில் வைத்தேன்.
இரட்டைதானே. பெற்றவனுக்கே குழம்பும்.

மறுநாள் பிரம்மசக்தி வந்தாள்.
பார்த்தாள். முந்தானையால்
திரையை ஒரு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தாள்.
"என்னக்கா, ரெண்டும் மூத்தவள்லா இருக்கா."

எனக்கு வாய் எழவில்லை.

"இளையவ சிரிச்சா முதல்ல நாக்கு வெளிய வரும்,
அப்புறந்தான் சிரிப்பு வரும்.
மூக்கைச் சுருக்குதது இவ."
கோபமில்லை குரலில்.
ரேஷன் கடையில் எடை குறைந்ததைச் சொல்வது போல.
"எம் புள்ள எங்கக்கா?"

அழுகிறாளே என்றேன்.
"அழட்டும். அன்னைக்கு அழுதால்லா."

நாற்பத்து மூன்றையும் திறந்தேன்.
பதினேழாவதில் நிறுத்தச் சொன்னாள்.
நானூறு சதவீதம் பெரிதாக்கினால்
கருவிழியில் எல்லாம் இருக்கும்:
விளக்கு ஒரு வெள்ளைக் கட்டம்,
ஜன்னல், குந்தியிருக்கும் நான்,
எனக்குப் பின்னால் பிரம்மசக்தி,
அவள் இடுப்பில் மூத்தவள்.
இமையோரம் தேங்கிய நீரில்
அதே இருவர், தலைகீழாக, இன்னொரு முறை.
இளையவள் என்னைப் பார்த்து அழவே இல்லை.
அத்தனை நேரமும் நான் வித்தை காட்டியது
அவள் பார்வைக்குக் குறுக்கே.

பிரம்மசக்தி குனிந்து பார்த்தாள்.
"நானா அது? கொண்டை அவுந்துல்லா கிடக்கு."

இருவரையும் பக்கத்தில் வைத்தேன்.
ஒருத்தி மூக்கைச் சுருக்கிச் சிரிக்க
ஒருத்தி அவள் பக்கம் திரும்பி அழுகிறாள்.
"சளியை எடுத்திரவா?"
யோசித்தாள்.
"பாதி எடுங்க."

பன்னிரண்டுக்குப் பதினெட்டு, லேமினேஷன்.
வாழைத்தார் லோடு ஏற்றிவிட்டு வந்த தகப்பன்
"அழுத புள்ளைக்கும் அதே ரேட்டா?" என்று கேட்டு
நூறு ரூபாய் குறைத்துத் தந்தான்.

ஹார்டு டிஸ்கில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.
மூத்தவள் சிரிப்பு, இளையவள் கவுன்,
உச்சிச் சுழி தப்பான பக்கம்.
யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை.
நீக்கவா என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்கிறது கம்ப்யூட்டர்.
கீழே மருந்துக்கடையில் யாரோ கேட்கிறார்கள்,
ரெண்டு வயசுக்கு எத்தனை மில்லி என்று.